எதிரியைப் போல நடத்தவும்

ஜனவரி 9

பீங்கானுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. லாரிக்காரர் அதை இறக்கிய அழகைப் பார்த்திருந்தால் நீ அவர் சட்டையைப் பிடித்திருப்பாய். நல்லவேளை, குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நுரைத்தாளுக்கு நடுவில் உன் கடிதமும் பத்திரமாக இருந்தது. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், அப்புறம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறோம், கடைசியில் யார் முதலில் போனை வைத்தது என்று ஒரு சண்டை. உன் ஆய்வகத்துக்கும் என் ஆலைக்கும் நடுவில் குழாய்ப் பெட்டி எப்படியும் போய்வருகிறது, கடிதத்தை அதிலேயே வைத்துவிடலாம் என்று நீ சொன்னாய். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நீ சொன்னதற்கு நான் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது அதற்கு மட்டும்தான்.

உலையிலிருந்து போன வாரம் கழற்றிய இரும்புக் குழாயை நீ பார்க்க வேண்டும். கரையான் அரித்த கட்டைபோல இருந்தது. மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. மற்ற ஆலைகள் எங்கேயும் கொட்ட முடியாத கழிவையெல்லாம் எங்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். அதை எரிக்கும்போது வருகிற அமிலப் புகையும் உருகின உப்பும் எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. குழாய் போனால் அதற்குள் இருக்கிற வெப்பமானிக் கம்பியும் போயிற்று. கம்பி போனால் உள்ளே எவ்வளவு சூடு என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் எரிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவன் உலையின் பக்கத்துளைக்கு முன்னால் போய் நின்று, கழற்றி, புதிதாக மாட்ட வேண்டும். அங்கே சுட்டுக்கொண்ட கை ஆறிவிட்டது. ஆறிவிட்டது என்றால் ஆறிவிட்டது, மறுபடி கேட்காதே.

என் ஷிப்டில் புல்டோசர் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னேனே, அவன் நேற்று ஓய்வறைக் கதவின் கைப்பிடியைக் கையோடு கொண்டுவந்துவிட்டான். தங்கமான பையன், கை மட்டும் அவன் பேச்சைக் கேட்காது. உன் பெட்டியைப் பிரிக்கிறேன் என்று வந்தான். கிட்டே வராதே என்று விரட்டிவிட்டேன்.

பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஜன்னல்தான் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. நீ வருவதற்குள் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

உன் உலைக்காரன்

ஜனவரி 17

உலைக்காரருக்கு,

பீங்கான் என்று கூப்பிடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பீங்கான் என்றால் டீ குடிக்கிற கோப்பை. நான் செய்வது வேறு சாமான். மாவைவிட நைசான சிலிக்கன் கார்பைடு பொடியை அழுத்தி, சூளையில் வைத்துச் சுட்டு, அதன்மேல் அமிலம் கடிக்க முடியாத சிர்க்கோனியா பூச்சு ஏற்றி, அதையும் சுட்டு அனுப்புகிறேன். கோப்பையாம்.

ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். இங்கே எங்கள் பரிசோதனைச் சூளைக்குள் முழங்கை நீளத் துண்டுதான் போகும். சின்னத் துண்டுகளை எல்லா விதத்திலும் வதைத்துப் பார்த்துவிட்டேன், தாங்குகின்றன. ஆனால் என் தோள் உயரத்துக்கு இருக்கிற முழுக் குழாய் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாது. அது உங்கள் உலையில்தான் தெரிய வேண்டும். அதனால் இரும்புக் குழாயை எப்படிப் போடுவீர்களோ அப்படியே போடுங்கள். ஒரே தள்ளு. பெட்டியின் மேல் எழுதியும் ஒட்டியிருக்கிறேன், ‘எதிரியைப் போல நடத்தவும்’ என்று. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தலைவி சிரித்தார். அவர் சிரிப்பது ஆய்வகத்தில் பெரிய செய்தி.

எங்கள் தொழில் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. இங்கே நன்றாக வந்ததைத்தான் முதலில் உடைப்போம். மோசமாக வந்தது என்ன சொல்லும் என்று முன்பே தெரியும். நன்றாக வந்தது ஏன் நன்றாக வந்தது என்பதை உடைத்தால்தான் தெரிந்துகொள்ளலாம்.

தலைவி நேற்று அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். குழாய் மூன்று மாதம் நின்றால் அதைச் செய்கிற கூடத்தை உங்கள் ஊரிலேயே, ஆலைக்குப் பக்கத்திலேயே போடுவார்களாம். அதைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்புவார்களாம். நிற்காவிட்டால் மறுபடி பொடி, மறுபடி சூளை, மறுபடி இந்த ஒற்றை அறையும் சொட்டுகிற குழாயடியும்தான். நாற்பதை நெருங்கும்போது கல்யாணம் செய்துகொண்டு, சேர்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணுகிற மாதிரி வாழ்கிறோம். எனக்கு வர வேண்டும். ரொம்ப வர வேண்டும். அதோடு ஒரு சின்ன பயமும் இருக்கிறது. அதைப் பிறகு ஒருநாள் எழுதுகிறேன்.

கை ஆறிவிட்டதா?

நான்தான்

மார்ச் 21

பீங்கானுக்கு,

(கோப்பை இல்லை, கோப்பை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் வைத்தது வைத்ததுதான்.)

உன் குழாய் நிற்கிறது! இரண்டு மாதம் தாண்டியாகிவிட்டது. மேலாளர் தினமும் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார், ஏதோ நான் பெற்றெடுத்த மாதிரி எனக்குக் கை கொடுக்கிறார். இத்தனை நாளில் நாங்கள் துளைக்கு முன்னால் போய் நிற்கவே இல்லை. அதன் அருமை உனக்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்து முகம் எரியாமல் வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தேன்.

புல்டோசரை இன்னும் அந்தப் பக்கம் விடவில்லை. “அண்ணே, அது குழாயா, இல்ல உங்க மாமியார் வீட்டுச் சீதனமா?” என்று கேட்கிறான்.

வீட்டில் அடுப்பு மேடையை உயர்த்திக் கட்டச் சொல்லிவிட்டேன். நீ இங்கே வந்திருந்தபோது குனிந்து குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அது கண்ணிலேயே இருக்கிறது. உயரம் எவ்வளவு என்று கொத்தனார் கேட்டார். என் நெஞ்சில் கையை வைத்து, அவள் தலை இதுவரைக்கும் வரும், மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜன்னல் பாதி திறக்கிறது. பயம் என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டாயே, என்ன பயம்? கரப்பான்பூச்சி என்றால் இங்கே கிடையாது. பல்லி உண்டு.

உன் உலைக்காரன்

ஏப்ரல் 24

உலைக்காரருக்கு,

நீங்கள் கழற்றி அனுப்பிய குழாய் வந்தது. தலைவிக்கு முன்னால் வைத்து, நீளவாக்கில் அறுத்து, சாயம் தடவி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். அமிலம் பூச்சைத் தொடவே இல்லை. தலைவி என் முதுகில் தட்டினார். உங்கள் ஊரில் கூடம் போட இடம் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். முதல் கட்டமாகப் பதினோரு ஆலைகளுக்கு இதே குழாயை அனுப்பப்போகிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்து வைத்து, எதை முதலில் அடுக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. குழாய் உலைச்சுவரைத் தாண்டுகிற இடத்தில், ஒரு பக்கம் கொதிக்க, ஒரு பக்கம் குளிர்ந்திருக்க, நரம்பு மாதிரி சின்னச் சின்ன விரிசல் வந்திருக்க வேண்டும். திடீரென்று சூடு பட்டால் வராமல் இருக்காது. பயப்படுகிற அளவு இல்லை என்றாலும் கொஞ்சமாவது வரும். இதில் ஒன்றுகூட இல்லை. நான் செய்ததைவிட நன்றாக இருக்கிறது. எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

குழாயை உள்ளே போட்ட அன்று என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். ஒரே தள்ளுதானே?

நான்தான்

மே 2

பீங்கானுக்கு,

ஒரே தள்ளா? அதை யாராவது அப்படிச் செருகுவார்களா! எதிரி, எதிரி என்று நீ எழுதியதெல்லாம் உன் வழக்கமான கறார்ப் பேச்சு என்று எனக்குத் தெரியாதா?

கேள், அன்று நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. காலையிலேயே குழாயை எடுத்துப்போய் உலைச்சுவர் ஓரத்தில் துணி விரித்துக் கிடத்தினேன். அங்கே இதமான சூடுதான் இருக்கும். கை வைத்துப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துளைக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். மத்தியானத்துக்கு மேல் துளை வாசலில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே இருந்து வருகிற காற்று அதற்குப் பழகட்டும் என்று விட்டேன். அப்புறம் விரல் அளவு, விரல் அளவாக உள்ளே விட்டேன். நடுவில் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. புல்டோசர் இரண்டு தடவை வந்து, “நான் ஒரு தள்ளு தள்ளவா அண்ணே?” என்றான். அவனை நான் பார்த்த பார்வையில் அந்தப் பக்கமே வரவில்லை. ஷிப்ட் முடிகிறபோதுதான் முழுசாக உள்ளே போனது. கழற்றும்போதும் அப்படித்தான், அவசரமே படவில்லை.

உன் கையால் செய்தது. அது உடையலாமா? அதுவும் அது நின்றால்தான் நீ வருவாய் என்று எழுதின பிறகு?

அடுப்பு மேடை கட்டி முடிந்துவிட்டது. அதன்மேல் நின்று பார்த்தேன், ஆடவில்லை.

உன் உலைக்காரன்

மே 8

உங்களுக்கு,

கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. முதல் தடவை அழுகை வந்தது. அது எந்த மாதிரி அழுகை என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அப்புறம் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

நீங்கள் பரிசோதித்தது என் குழாயை இல்லை, உங்கள் பொறுமையை. அது மூன்று மாதம் நின்றது. அதற்கு நான் பூச்சு ஏற்றவில்லை.

பதினோரு ஆலைகளுக்குப் போகிறது என்று எழுதியிருந்தேனே. அங்கே யார் அதை நாள் முழுக்க மடியில் வைத்துச் சூடு காட்டப்போகிறார்கள்? ஷிப்ட் முடிகிற அவசரத்தில் ஒருவன் எடுப்பான், செருகுவான். அது உள்ளே போகிறபோதே வெடித்தால், உடைந்த துளை வழியாக உலைக்காற்று அவன் முகத்தில் அடிக்கும். உங்கள் கையில் பட்டது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கு மனைவி இருக்கலாம், இல்லாமல் போகலாம், ஆனால் அந்தக் குழாயைச் செய்தது அவன் மனைவி இல்லை.

தலைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் அறுத்த குழாயை மறுபடி எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு, “நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார். “எனக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றேன். பதினோரு குழாய்களையும் நிறுத்திவிட்டார்கள். கூடத்துக்கு இடம் பார்க்கப் போனவரைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். இதே அச்சில் செய்த இரண்டாவது குழாய் இந்தப் பெட்டியில் இருக்கிறது. இது நின்றால் பார்க்கலாம் என்கிறார்.

சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். அந்த மேடையில் நின்று சமைத்திருப்பேன். எங்கேயோ ஒரு உலையில் சத்தம் கேட்கும் வரைக்கும்.

நான் சொன்ன ஒரு வார்த்தையை நீங்கள் நம்பியிருக்கலாம். அதுதான் எனக்கு வலிக்கிறது.

பரிசோதனையை முறைப்படி செய்யுங்கள். முன்னால் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள்.

ஜூன் 19

பீங்கானுக்கு,

இப்படிக் கூப்பிட இன்னும் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு பேர் வாயில் வரவில்லை.

பெட்டி வந்து பல நாள் ஆகிறது. நான்தான் திறக்காமல் வைத்திருந்தேன். மேலாளர் கேட்கும்போதெல்லாம் உலை தயாராகவில்லை, பர்னர் சரியில்லை என்று சாக்குச் சொன்னேன். உன்மேல் எனக்கும் கோபம். வீட்டுக்குப் போனால் அந்த அடுப்பு மேடை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒரு மனிதன் தன் பெண்டாட்டி வர வேண்டும் என்று ஒரு குழாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டான், அதற்கு இந்தப் பாடா என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டு திரிந்தேன். திருப்பித் திருப்பி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் சொல்வதுதான் நியாயமாக இருந்தது, உனக்கு அனுப்புகிற மாதிரி ஒன்றும் இல்லை.

நேற்றுப் போட்டேன். நீ சொன்ன மாதிரியே. சூடு காட்டவில்லை, தொங்கவிடவில்லை. ஓரமாக நின்று ஒரே தள்ளு.

உள்ளே முக்கால்வாசி போயிருக்கும். ஒரு சத்தம். பெரிதாக ஒன்றும் இல்லை, யாரோ பல்லைக் கடித்த மாதிரி. அடுத்த நொடி துளை வழியாக ஒரு ஆள் நீளத்துக்கு நெருப்பு வந்தது. நான் ஓரமாக நின்றதால் பிழைத்தேன். புல்டோசர்தான் உலைக்குக் காற்று போகாமல் தடுக்கிற அடைப்பை இறக்கினான். இறக்கின வேகத்தில் அதன் கைப்பிடி வளைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நிஜமாகவே ஆகவில்லை, கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

அப்புறம் ஒரு மணி நேரம் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தேன். நெருப்பு வந்த இடத்தில் எப்போதும் யார் நிற்பார்கள் தெரியுமா? புல்டோசர்தான். மாட்டுகிறவன் தள்ளுவான், இவன் எதிரில் நின்று திருகு முடுக்குவான். நீ ஓரமாக நில் என்று எனக்கு எழுதியிருந்தாயே, அதை அவனுக்கும் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த நல்ல காரியம். இதே குழாயைப் பதினோரு இடத்துக்கு அனுப்பியிருந்தால் எத்தனை பேர் எதிரில் நின்றிருப்பார்கள்?

நீ சரியாகத்தான் செய்தாய். எழுதுவதற்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

துண்டுகளை எல்லாம் பொறுக்கி அனுப்பியிருக்கிறேன். உள்ளே விழுந்ததையும் உலை ஆறின பிறகு கொக்கி போட்டு எடுத்துவிட்டேன். பொடியாகப் போனதைத் தவிர எதையும் விடவில்லை. ஒன்றோடொன்று உரசக் கூடாது என்று தனித்தனியாகச் சுற்றியிருக்கிறேன். நீ எப்போது வந்தாலும் சரி. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் உலைக்காரன்

ஜூன் 28

உலைக்காரருக்கு,

முதலில் கை. இரண்டு கையையும் நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதினீர்களா? தலைமுடி கருகியிருந்தால்கூட எனக்குத் தெரிய வேண்டும்.

பெட்டியைத் திறந்தால் உங்கள் பனியன்கள்! ஒவ்வொரு துண்டும் ஒரு பனியனுக்குள். இத்தனை பனியன் உங்களிடம் இருந்ததா, இல்லை ஷிப்டில் இருந்த எல்லாருடையதையும் கழற்றிவிட்டீர்களா? ஒன்று நிச்சயமாக உங்களுடையது இல்லை, அதற்குள் இரண்டு பேர் புகலாம். தலைவி கதவருகே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். போகும்போது தோள் குலுங்கியது.

தரையில் விரிப்பு போட்டு எல்லாத் துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். துண்டு உடைந்த பரப்பில் கோடுகள் இருக்கும், அவை விரிசல் ஆரம்பித்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் ஒரு துண்டையும் விடாததால் நேராக அங்கேயே போய்விட்டேன். குழாயைச் சுவரில் பிடித்து நிறுத்துகிற கழுத்துப் பட்டைக்குக் கீழே, பூச்சு முடிகிற இடம் அது. கனமான பூச்சைச் சட்டென்று அங்கே நிறுத்தியிருந்தேன். சூடு திடீரென்று ஏறும்போது பூச்சு ஒரு அளவு விரிகிறது, உள்ளே இருக்கிற உடம்பு வேறு அளவு விரிகிறது. இரண்டும் அந்த ஓரத்தில் மல்லுக்கட்டியிருக்கின்றன. பூச்சைக் கனமாக ஏற்றினால் அமிலத்துக்கு நல்லது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். இனி மெல்லிய மெல்லிய பூச்சாக ஏற்றி, ஒவ்வொன்றையும் முந்தினதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே முடித்து, படிக்கட்டு மாதிரி இறக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் தனியாகச் சூளை போட வேண்டும். செப்டம்பர் ஆகிவிடும்.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. பனியன்களைத் துவைத்துக் கொடியில் போட்டேன், பக்கத்து அறைப் பெண்மணி, “வீட்டுக்காரர் வந்துட்டாரா?” என்று கேட்டார். இல்லை, சட்டைக்குள் போடுகிறது மட்டும் வந்திருக்கிறது என்றேன்.

மூன்றாவது குழாயை யாருக்கும் பொறுமை இல்லாத மாதிரி போடுங்கள். உங்களால் முடியுமா? முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், இந்த முறை கோபிக்க மாட்டேன்.

நான்தான்

செப்டம்பர் 19

பீங்கானுக்கு,

முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது குழாயை நேற்றுப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். கையில் வாங்கினவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? துடைத்தேன். அதில் தூசியே இல்லை. துடைத்துவிட்டு வெயிலில் வைக்கலாமா என்று மனசு யோசிக்கிறது. நீ எத்தனை தடவை எதிரி என்று எழுதி ஒட்டினாலும் என் கைக்கு அது படிக்கத் தெரியாது. பலமாகத் தள்ளுகிறேன் என்று நான் நினைத்துக்கொள்வேன், கை தன் பாட்டுக்கு மெதுவாகப் போகும். அதையும் ஒரு பரிசோதனை என்று உனக்கு எழுதி அனுப்புவேன்.

அதனால் புல்டோசரைக் கூப்பிட்டேன். இது யார் செய்தது என்று அவனிடம் சொல்லவில்லை. கம்பெனி மாற்றியிருக்கிறார்கள், புதுக் குழாய், மாட்டிவிடு என்றேன். அந்த நெருப்புக்கு அப்புறம் துளைக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு போட்டிருக்கிறோம், அதற்குப் பின்னால் நின்று தள்ளச் சொன்னேன். எதிரில் யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன். அப்புறம் வெளியே நடந்தேன்.

“எங்க அண்ணே போறீங்க?” என்றான்.

“டீ குடிக்க.”

“டீக்கடை அந்தப் பக்கம்ல?”

நான் சுவருக்கு வெளியே போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். காதைப் பொத்தினால் சத்தம் கேட்காதே, உடைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கையை எடுத்தேன். எடுத்தால் பயமாக இருந்தது, திரும்பப் பொத்தினேன். இப்படியே நின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன் எனக்குக் காதுவலி என்று நினைத்துக்கொண்டு ஏதோ மருந்து சொன்னார்.

புல்டோசர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். முகத்தில் ஒரு செய்தியும் இல்லை. போட்டாயிற்றா என்று கேட்டேன். அது எப்பவோ போட்டாச்சு, நடுவில் தகட்டில் ஒரு இடி இடித்துவிட்டது, அப்புறம் திருப்பித் தள்ளினேன் என்றான்.

“சத்தம் ஏதாவது கேட்டுச்சா?”

“என் வயித்துச் சத்தம்தான் கேட்டுச்சு. சாப்பிட்டு வரட்டுமாண்ணே?”

நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பயந்துபோய்விட்டான். அப்புறம்தான் அது உன் குழாய் என்று சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேனே என்றான். அதற்காகத்தான் சொல்லவில்லை என்றேன்.

இன்று காலையிலும் கம்பி ஒழுங்காகச் சூடு காட்டுகிறது. மூன்று மாதம் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு நான் எந்த உதவியும் செய்யவில்லை.

ஜன்னல் முழுசாகத் திறக்கிறது.

உன் உலைக்காரன்

டிசம்பர் 22

உலைக்காரருக்கு,

குழாயை அறுத்துப் பார்த்தேன். இந்த முறை விரிசல் இருந்தது. நரம்பு மாதிரி, நான் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த மாதிரி. எல்லாமே மேல் பூச்சில் கிளம்பி அதற்கடுத்த பூச்சோடு நின்றுவிட்டன. உடம்பைத் தொடவில்லை. தகட்டில் இடித்த அடையாளம்கூட அழகாகத் தெரிகிறது, புல்டோசரிடம் சொல்லுங்கள். மீதியை வழக்கம்போல உடைத்தேன். உடைக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். தலைவி கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் ஊரில் கூடத்துக்கு இடம் முடிவாகிவிட்டது. ஆலைகளுக்கு அனுப்புகிற தாளில், குழாய் மாட்டும்போது எதிரில் யாரும் நிற்கக் கூடாது, தடுப்புத் தகடு வேண்டும் என்று முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

இந்தப் பெட்டியில் குழாய் இல்லை. என் புத்தகங்களும், சின்னத் தராசும், உங்கள் பனியன்களும் இருக்கின்றன. பெரியதைப் புல்டோசருக்குக் கொடுத்துவிடுங்கள்.

என்ன பயம் என்று மார்ச்சில் கேட்டீர்கள். இப்போது எழுதுகிறேன். நான் தனியாகவே இருந்து பழகிவிட்டேன். நின்றுகொண்டே சாப்பிடுவேன். வேலை ஓடினால் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன், அது கோபம் இல்லை. என் சாமானை யாராவது இடம் மாற்றி வைத்தால் உடம்பெல்லாம் எரியும். லீவுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவது வேறு, வாழ வருவது வேறு. நீங்கள் சுண்ணாம்பு அடித்து, மேடை கட்டி, ஜன்னலோடு சண்டை போட்டு வைத்திருக்கிற வீட்டுக்குள் ஒரே நாளில் நுழைந்து, எனக்குள்ளே ஏதாவது பட்டென்று போய்விட்டால் என்ன செய்வது என்று இந்த வருஷம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். உங்கள்மேல் பயம் இல்லை, என்மேல்தான்.

மே மாதத்தில் நீங்கள் எழுதின கடிதத்தை நான் கிழிக்கவில்லை. சுவரோரம் துணி விரித்து, கை வைத்துப் பார்த்துப் பார்த்து, வாசலில் கொஞ்ச நேரம் விட்டு, விரல் அளவு விரல் அளவாக என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக உங்களை அப்படித் திட்டினேன். குழாயை அப்படி நடத்தியது தப்புதான், அதில் மாற்றமில்லை.

என்னை அப்படி உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் வருகிற வண்டி வியாழக்கிழமை மத்தியானம் வந்துசேரும்.

உங்கள் பீங்கான்